பார்க்காமல் விட்ட இருபது அடி

கட்டட வேலை நடந்த அந்த இடத்தில் அவளை எல்லோரும் மேல்வீட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். தரையிலிருந்து அறுபது மீட்டர் உயரத்தில், டவர் கிரேனின் உச்சியில், ஒரே ஒரு ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டுதான் அவளுடைய வேலையிடம். காலை ஏழு மணிக்கு ஏணி ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். "மேல்வீடு எப்படி, காத்தோட்டமா இருக்கா?" என்று கம்பி கட்டுகிறவர்கள் வம்புக்கு இழுப்பார்கள். "காத்துக்குக் குறைச்சலே இல்ல, மாடிப்படிதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்பாள்.

வயது நாற்பத்து மூன்று. இதே கம்பெனியில் பொருட்கிடங்கில் கணக்கெழுத வந்தவள், ஜன்னல் வழியாகக் கிரேனைப் பார்த்துப் பார்த்தே ஆசை வளர்த்துக்கொண்டாள். உரிமத் தேர்வில் கொக்கியில் ஒரு வாளி நிறையத் தண்ணீரைத் தொங்கவிட்டு, நட்டுவைத்த கம்பங்களுக்கு நடுவே வளைத்து வளைத்துக் கொண்டுபோகச் சொன்னார்கள். தேர்வாளர் கடைசியில் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. அதிலிருந்து பதினோரு வருடமாக மேலேதான் வாசம்.

கீழே அவளுக்குக் கண்ணாக நின்றவர் சிக்னல்காரர். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, ஆனால் குரல் மட்டும் இரண்டு ஆளுக்குச் சமம். கட்டடத்தின் மறுபக்கம் கூண்டிலிருந்து தெரியாது. அங்கே சரக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அவர் வாக்கி-டாக்கியில் சொல்லச் சொல்ல இவள் லீவரை நகர்த்துவாள். ஏழு வருடப் பழக்கம். அவளைத் தங்கச்சி என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். அவளுடைய கொக்கிக்குக் கீழே நிற்கும்போது மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பதே இல்லை, அவ்வளவு நம்பிக்கை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

முதல் வலி ஒரு விடுமுறை நாளில் வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தாள். தொப்புளுக்குக் கீழே யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு முறுக்கு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது. ஐந்து நிமிடத்தில் எதுவும் நடக்காததுபோல் விட்டுவிட்டது. பிறகு இரண்டு வாரம் ஒன்றுமில்லை. அப்புறம் மறுபடி வந்தது.

அவள் கணவன் முடி திருத்துபவன். இரண்டு நாற்காலி போட்ட சலூன். வாய் சும்மா இருக்காது. மனைவியின் வயிற்றைப் பற்றி நாற்காலியில் உட்கார்ந்த அத்தனை பேரிடமும் சொன்னான். தலையைக் குனிந்து கொடுத்த அத்தனை பேரும் வைத்தியர்களாகிவிட்டார்கள்.

"இன்னைக்கு மூணு பேர் கேஸ்னு சொன்னாங்க, ரெண்டு பேர் சூடுன்னு சொன்னாங்க. தபால்காரர் மட்டும் குடல்புண்ணுன்னு அடிச்சுச் சொல்றார்."

"ஓட்டுப் போட்டா கண்டுபிடிக்கிறீங்க?" என்றாள் அவள்.

மருத்துவர்களிடமும் போகாமல் இல்லை. முதல் மருத்துவர் அமிலத்துக்கு மாத்திரை கொடுத்தார். இரண்டாவது மருத்துவர் வாய் வழியாகக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஆசனவாய் வழியாகக் குழாயை விட்டுப் பெருங்குடலையும் பார்த்தார். அதுவும் சுத்தம்.

"மேலயும் பாத்தாச்சு, கீழயும் பாத்தாச்சு. கவலைப்பட ஒண்ணுமில்லம்மா."

"நடுவுல, சார்?"

"நடுவுல சிறுகுடல். அது இருபது அடி இருக்கும். அங்க நோய் வர்றது ரொம்பக் குறைவு. உங்களுக்கு மனசுல ஏதாவது டென்ஷன் இருக்கா?"

"அறுபது மீட்டர் மேல உட்கார்ந்து மூணு டன்னைத் தூக்குறேன் சார். டென்ஷன் இல்லன்னாதானே நீங்க பயப்படணும்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "சார், ஏதோ ஒண்ணு மாட்டுது. மாட்டி, இழுத்து, அப்புறம் தானா விட்டுடுது. கயிறு சிக்குறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." அவர் தலையாட்டிக்கொண்டே, பதற்றத்தால் குடல் சுருங்குகிறது என்று எழுதி ஒரு மாத்திரையைச் சேர்த்தார்.

எட்டு மாதம் இப்படி ஓடியது. ஏழு கிலோ குறைந்தாள். சேஃப்டி பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. பயத்தில் மதியச் சாப்பாட்டைப் பாதியோடு நிறுத்தினாள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வலி வரும் என்று கண்டுபிடித்திருந்தாள். உண்மையில் அதைக் கண்டுபிடித்தது பதினாறு வயது மகள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் அம்மா சுருண்டு கிடக்கும் நேரங்களையெல்லாம் அவள் ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வந்தாள். தேதி, சாப்பிட்டது என்ன, எத்தனை நிமிடம், வாந்தி உண்டா, சத்தம் உண்டா. "நான் என்ன பரிசோதனைக்கூட எலியா?" என்று அம்மா கேட்டபோது, "எலியா இருந்தா இதுக்குள்ள கண்டுபிடிச்சிருப்பாங்க" என்றாள் மகள்.

இந்த எட்டு மாதத்தில் அவள் ஒரு தப்புச் செய்தாள். கிரேன் ஓட்டுகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை உடல்தகுதிப் படிவம் நிரப்ப வேண்டும். 'அடிக்கடி வரும் வலி, மயக்கம், வாந்தி ஏதேனும் உண்டா?' என்ற கேள்விக்கு நேரே அவள் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். உண்மையை எழுதினால் கீழே இறக்கிவிடுவார்கள், இறக்கினால் மறுபடி ஏற்ற மாட்டார்கள் என்ற பயம். "என்ன தங்கச்சி, பாதி ஆளாயிட்டே?" என்று சிக்னல்காரர் ஒரு நாள் கேட்டார். "டயட்டுண்ணே" என்றாள். அவர் நம்பினார்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. முந்தின இரவிலிருந்தே வயிறு சரியில்லை. காலையில் கழிப்பறைக்குப் போயும் ஒன்றும் ஆகவில்லை, காற்றுகூடப் பிரியவில்லை. வயிறு லேசாக உப்பியிருந்தது. வெறும் தண்ணீர் குடித்துவிட்டு ஏணி ஏறினாள்.

பத்தரை மணிக்கு, வார்த்து வைத்த மாடிப்படித் துண்டு ஒன்றை எட்டாவது மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. மூன்று டன். மறுபக்கத்தில் அதை வாங்கிப் பொருத்த நான்கு பேர் காத்திருந்தார்கள். அவர்களோடு சிக்னல்காரரும் நின்றார். சரக்கு அவர்கள் தலைக்கு நேரே நகர்ந்துகொண்டிருக்கும்போது வலி வந்தது.

இதுவரை வந்ததெல்லாம் வலியே இல்லை என்று அப்போது தெரிந்தது. கண் இருட்டியது. கைகள் தாமாக லீவரை விட்டு வயிற்றைப் பிடிக்கப் பார்த்தன. லீவரை நிதானமாக நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவள் கையை எடுத்தாள். கிரேன் நின்றது. மூன்று டன் அந்தரத்தில் தொங்கியது. காற்றில் மெல்ல ஆடத் தொடங்கியது.

"ஏன் நிறுத்திட்ட? இன்னும் ரெண்டு மீட்டர் லெஃப்ட்ல வா" என்றது வாக்கி-டாக்கி.

"அண்ணே, எல்லாரையும் ஒதுக்குங்க."

"என்னாச்சு?"

"கேக்காதீங்க. ஒதுக்குங்க. நீங்களும்தான்."

அவருடைய குரல், வாக்கி-டாக்கி இல்லாமலேயே மேலே கேட்கும் அளவுக்கு, "ஓடுங்கடா, எல்லாரும் உள்ள போங்க!" என்று வெடித்தது.

அவள் சாப்பாட்டுப் பையைத் திறந்து அதற்குள் வாந்தியெடுத்தாள். பச்சையாக, கசப்பாக வந்தது. சரக்கு தொங்கிய கம்பிக்கயிற்றிலிருந்து மட்டும் கண்ணை எடுக்கவில்லை. ஆட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே, வலி இறங்குவதற்குக் காத்திருந்தாள். மகள் எழுதிய நோட்டிலிருந்து அவளுக்கு ஒன்று தெரியும். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே கொஞ்சம் நேரம் கிடைக்கும். எவ்வளவு என்பதுதான் தெரியாது.

வலி விட்டது. அவள் சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணே, தூரத்துல நின்னு சொல்லுங்க. இறக்கிடறேன்."

அவர் கேள்வி கேட்கவில்லை. "லெஃப்ட்... மெதுவா... போதும். இறக்கு... இன்னும்... இன்னும்... ஒரு சாண்... நில்லு." மாடிப்படித் துண்டு எட்டாவது மாடித் தளத்தில் அமர்ந்தது. சரக்கைக் கட்டியிருந்த ஸ்லிங் பட்டையை அவர் போய்க் கழற்றியதும் கொக்கியை மேலே இழுத்தாள். கிரேனின் கையை, காற்றடிக்கும் பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ளும்படி விடுவித்தாள். வேலை முடிந்து இறங்கும்போது தினமும் செய்வதுதான். அன்றைக்கு அந்த ஒரு விசையைத் தட்டுவதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது.

சிக்னல்காரர் மேலே ஏறி வந்தபோது அவள் கூண்டின் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். மூச்சிரைக்க, "மீட்புக்காரங்களைக் கூப்பிட்டாச்சு. வர முக்கால் மணி நேரம் ஆகுமாம்" என்றார்.

"அவ்வளவு நேரம் இங்க இருந்தேன்னா, அப்புறம் என்னால இறங்கவே முடியாதுண்ணே."

ஏணியில் நின்று இளைப்பாற ஆறு மீட்டருக்கு ஒரு தட்டு. மொத்தம் பத்துத் தட்டு. அவர் முதலில் இறங்கி அவளுக்குக் கீழே நின்றுகொண்டார். தன் பெல்ட்டின் கயிற்றையும் அவளோடு சேர்த்து மாட்டினார். வலி விட்ட இடைவெளியில் இறங்குவது, வலி வந்தால் ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நிற்பது. வேறு வழியில்லை. நான்காவது தட்டுக்கும் ஐந்தாவது தட்டுக்கும் நடுவே வலி பிடித்தது. அவளுடைய பூட்ஸ் அவர் தோளில் வந்து நின்றது.

"வெச்சுக்கோ. அப்படியே வெச்சுக்கோ. எண்ணு."

"என்னத்த எண்ண?"

"எதையாவது எண்ணு. ஆடு, மாடு, உன் புருஷன் பேசுற பேச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் முனகலாக மாறியது. தரையைத் தொட இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. அங்கே ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஏறிப் படுக்கும்வரை அவர் கூடவே வந்தார். வயிறு அப்போது மேளம்போல் இறுகியிருந்தது.

மருத்துவமனையில் மூக்கு வழியாக ஒரு குழாயை இரைப்பைக்குள் விட்டார்கள். ஒன்றரை லிட்டர் பச்சைத் திரவம் வெளியே வந்தது. எக்ஸ்-ரே எடுத்தார்கள், பிறகு ஸ்கேன். கணவன் சலூன் மேலங்கியைக் கழற்றக்கூட மறந்து, தோளெல்லாம் யாருடைய முடியோ ஒட்டியிருக்க ஓடி வந்தான். பின்னாலேயே மகள், பள்ளிப் பையோடு.

அறுவை மருத்துவர் குள்ளமான ஒரு பெண்மணி. அவசரமாக நடந்தார், நிதானமாகப் பேசினார். மகள் நீட்டிய நோட்டை நின்றபடியே மூன்று பக்கம் புரட்டினார். "இதை யார் எழுதினது?"

"நான்தான்."

"இதை எந்த டாக்டராவது பாத்தாங்களா?"

"காட்டினோம். ஓரமா வெச்சுட்டாங்க."

மருத்துவர் நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். வயிற்றுக்குள் ஒரு வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். "உங்க முழுக்கைச் சட்டையோட கையை உள்ள தள்ளினா எப்படி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும்? இவங்க சிறுகுடல் அப்படித்தான் போயிருக்கு. குழந்தைகளுக்கு இது வரும். பெரியவங்களுக்கு வர்றது அபூர்வம். வந்தா, பெரும்பாலும் உள்ள ஒரு கட்டி இருக்கும். குடல் அதைச் சாப்பாடுன்னு நினைச்சு முன்னால தள்ளும். கட்டி போறப்ப, தன்னோட சேத்து குடலையும் உள்ள இழுத்துட்டுப் போகும். இத்தனை மாசமா மாட்டி மாட்டி விட்டிருக்கு. இந்தத் தடவை விடல."

படுக்கையில் கிடந்தவள் கண்ணைத் திறந்தாள். "மாட்டுதுன்னு சொன்னேன்" என்றாள். குழாய் இருந்ததால் குரல் மூக்கில் வந்தது. "எட்டு மாசமா சொன்னேன்."

"நீங்க சொன்னது சரிதான்" என்றார் மருத்துவர். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. வலிக்கு வராத தண்ணீர்.

கணவன்தான் கேட்டான். "கட்டின்னா... கேன்சருங்களா?"

"தெரியாது. சிறுகுடல்ல கட்டி வர்றதே குறைவு. அதுல நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் தெரியும். இப்ப அதைப் பத்தி யோசிக்க நேரமில்ல. உள்ள மாட்டின பகுதிக்கு ரத்தம் சரியாப் போகல. ஒரு மணி நேரத்துக்குள்ள தியேட்டருக்குக் கொண்டுபோகணும். இங்க கையெழுத்துப் போடுங்க."

அவன் கையெழுத்துப் போட்டான். வாழ்நாளில் முதல் முறையாக, இரண்டரை மணி நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த யாரோ, "உங்களுக்கு யாருங்க உள்ள?" என்று கேட்டதற்குக்கூட விரலால் கதவைக் காட்டினானே தவிர வாய் திறக்கவில்லை. மகள் அவன் தோளில் ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

மாலை ஆறு மணிக்கு மருத்துவர் வெளியே வந்தார். நாற்பது சென்டிமீட்டர் குடலை வெட்டியெடுத்து, நல்ல முனைகள் இரண்டையும் சேர்த்துத் தைத்தாயிற்று. வெட்டியெடுத்ததில் ஒரு பகுதி கறுத்துப்போயிருந்தது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் அது ஓட்டை விழுந்திருக்கும். உள்ளே எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவு வர ஒன்பது நாள் ஆகும்.

நான்காம் நாள் சிக்னல்காரர் பார்க்க வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எட்டு மாசமாவாமே?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உன் புருஷன்தான் சொன்னார். எட்டு மாசமா நீ வலியோட தூக்கியிருக்கே. எட்டு மாசமா நான் அதுக்குக் கீழ நின்னிருக்கேன்."

"அண்ணே..."

"என்னை விடு. அன்னைக்கு நின்ன நாலு பேர்ல ஒருத்தனுக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசம். டயட்டுன்னு சொன்னே. நான் வீட்டுல போய், தங்கச்சி டயட்டுல இருக்குதுன்னு சொல்லிச் சிரிச்சேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். கொண்டு வந்த பழப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் மருத்துவமனைக்கு வரவில்லை.

மீதி ஐந்து நாளை அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்டால், பரிசோதனை முடிவை நினைத்துப் பாதி நேரமும் அந்த நான்கு பேரை நினைத்து மீதி நேரமும் என்றுதான் சொல்வாள். தையல் வலித்தது. முதல் முறை காற்று பிரிந்தபோது செவிலியர் கைதட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டார். கணவன் அந்தச் செய்தியைச் சலூனுக்குத் தொலைபேசியில் சொல்ல எழுந்தபோது, "அதையும் ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" என்று அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். ஆனால் ஆளில்லாத நேரத்தில், போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள்.

ஒன்பதாம் நாள் மருத்துவர் தாளோடு வந்தார். வாசலிலிருந்தே தலையாட்டினார், ஆனால் அவளுக்கு அது ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று புரியவில்லை.

"புற்றுநோய் இல்ல. குடல் சுவர்ல இருக்கிற நார்ச் சதையில இருந்து வளர்ற ஒரு வகைக் கட்டி. இருபது வருஷத்துல நான் பாக்குற ரெண்டாவது ஆள் நீங்க. முழுசா எடுத்தாச்சு. திரும்பி வர்றது ரொம்ப ரொம்ப அரிது."

கணவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். மகள் நோட்டைத் திறந்து தேதி போட்டு, 'இல்லை' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினாள். படுத்திருந்தவள் மட்டும், "நான் திரும்ப மேல ஏறலாமா?" என்று கேட்டாள். மருத்துவர், "முதல்ல கழிப்பறைக்கு நடங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். படிவத்தில் பொய் சொன்னதை மறைக்காமல் எழுதினாள். கணவன் வேண்டாம் என்றான், யாரும் கேட்காததை எதற்குச் சொல்ல வேண்டும் என்றான். அவள் அனுப்பிவிட்டாள். ஆறு மாதத்துக்கு உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். அந்த ஆறு மாதமும் தரையில், ஸ்லிங்குகளையும் கொக்கிகளையும் சோதிக்கிற வேலை. கம்பி கட்டுகிறவர்கள், "மேல்வீட்டம்மா கீழ்வீட்டுக்கு வந்துட்டாங்க" என்றார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

ஏழாவது மாதம் உரிமம் திரும்பக் கிடைத்தது. அன்றே சிக்னல்காரர் வீட்டுக்குத் தனியாகப் போனாள். அவர் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "உங்க முகத்தைப் பாத்துச் சொல்லணும்னு வந்தேண்ணே. நான் பண்ணினது தப்பு" என்றாள்.

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "கோவமெல்லாம் எப்பவோ போச்சு. நீ பொழச்சதுல என்னைவிட யாருக்கு சந்தோஷம்? ஆனா தங்கச்சி, அடுத்த கிரேனுக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டேன். இப்பெல்லாம் யார் கொக்கி வந்தாலும் கழுத்து தானா மேல போகுது. உன் கொக்கிக்குக் கீழ நின்னா வேலையே ஓடாது. அது உன் குத்தமும் இல்ல, என் குத்தமும் இல்ல."

"இல்லண்ணே. அது என் குத்தம்தான்."

அவர் மறுக்கவில்லை. உள்ளே பார்த்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவள் குடித்துவிட்டுக் கிளம்பினாள். வாசல்வரை கூட வந்தார். அதற்கப்புறம் முடி வெட்டிக்கொள்ள அவள் கணவனிடம் போகத் தொடங்கினார். அங்கே அவளைப் பற்றி விசாரிக்காமல் எழுந்து வந்ததில்லை.

திங்கட்கிழமை காலை, புதிதாக வந்திருந்த சிக்னல்காரப் பெண் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு அவளுக்காக ஏணியடியில் நின்றிருந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும்.

"உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன் மேடம்."

"எல்லாம் உண்மைதான்" என்றாள் அவள். "எனக்கு வயித்துல ஒரு சாண் தையல் இருக்கு. உள்ள நாப்பது சென்டிமீட்டர் குடல் இல்ல. இப்ப வலி இல்ல. வந்தா, அந்த நிமிஷமே உங்கிட்ட சொல்லிட்டு வேலையை நிறுத்திடுவேன். உனக்கு உடம்பு சரியில்லன்னாலும் நீயும் அப்படியே சொல்லணும். அன்னைக்கு வேலை நின்னா நிக்கட்டும். சரியா?"

"சரி மேடம்."

"மேடம் வேண்டாம். அக்கான்னு கூப்பிடு, வாக்கி-டாக்கியில சீக்கிரம் முடியும்."

பெல்ட்டை ஏணிக் கயிற்றில் மாட்டி, இழுத்துப் பார்த்தாள். முதல் தட்டு வரைக்கும் நிற்காமல் ஏறினாள். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டாவது தட்டுக்கு ஏறத் தொடங்கினாள்.